தோள் நிமிர்த்தும் நாடா



சென்ற இதழ் வெளிவந்த சில நாட்களுக்குள், முலுண்டிலிருந்து ஓர் அம்மையார் இப்பகுதிக்கு எழுதிய மடல் வந்து சேர்ந்தது. பதினொன்றாம் வகுப்பிற் பயிலும் தம் மகளுக்குத் தோள்கள் முன்னோக்கி வளைந்து, தலையும் மார்புக்கு முன்னால் நீண்டு நிற்கின்றது என்றும், 'அரங்கேற்றத்துக்கு முன் இந்தக் கூனை நிமிர்த்திக்கொண்டு வா' என்று பரதநாட்டிய ஆசிரியை சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருந்தார். அருகிலுள்ள உடற்பயிற்சிக் கூடத்தார் ஒருவர், நீல நிறமும் ரோஜா நிறமுமாக இழுபடும் நாடாக்களை முதுகில் ஒட்டி ஒரே திங்களில் நிமிர்த்தித் தருவதாகச் சொல்லிப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்கின்றாராம். "அவர் வாங்கும் சம்பளத்தில் அது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கொடுக்கலாமா, கூடாதா? தம்பி, நீங்கள் ஒளிக்காமல் எழுதுங்கள்" என்று மடலை முடித்திருந்தார்.

நான் மருத்துவன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். ஆயினும், நாள் முழுதும் கணிப்பொறித் திரையின் முன் குனிந்திருந்து கழுத்துவலி கண்டு, இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் இரண்டு திங்கள் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சிறிது அறிவேன். மேற்கொண்டு அவரிடமே கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகின்றேன். அந்த அம்மையாருக்கு மட்டும் உரிய வினா அன்று இது. டோம்பிவிலியில் ஏறிச் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில் இறங்குமுன் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகின்றது. அவ்வளவு நேரமும் பெட்டியில் நிற்பவரும் இருப்பவரும் தலை கவிழ்ந்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வருகின்றனர். அவர்களுள் நம்மவர் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் இவ்வளைவு எப்படி உண்டாகின்றது என்பதைப் பார்ப்போம். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது முதுகெலும்பின் உச்சியில் நேராக இருக்கும்போது எலும்பே அதைத் தாங்குகின்றது. பிடரித் தசைகளுக்கு வேலை குறைவு. தலை முன்னே சாயச் சாய, அதைக் கீழே விழாமல் இழுத்துப் பிடிக்கும் வேலை பிடரிக்கு வந்துவிடுகின்றது. நியூயார்க் நகரத்து முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்பார் 2014-ஆம் ஆண்டில் கணக்கிட்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தலை 60 பாகை குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை 27 கிலோ அளவுக்கு ஏறுகின்றது. இது கணிப்பொறியில் மாதிரி அமைத்துப் போட்ட கணக்கே. உயிருள்ள மனிதர் கழுத்தில் கருவி வைத்து அளந்தது அன்று. எனினும், செல்பேசியை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பதற்கும் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது நன்றாகவே உணர்த்துகின்றது.

இனித் தோளுக்கு வருவோம். பிராகு நகரத்தில் விளாதிமிர் யாண்டா என்றொரு மருத்துவர் இருந்தார். 1928-இல் பிறந்து 2002-இல் மறைந்தவர். இளமையிலேயே இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டவர். அதனாலோ என்னவோ, தசைகளுக்குள் யார் உழைக்கின்றார், யார் உறங்குகின்றார் என்பதை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். 1979-ஆம் ஆண்டில் அவர் ஓர் அமைப்பை எடுத்துக்காட்டினார். மார்புத் தசைகளும், பிடரியிலிருந்து தோளுக்கு இறங்கும் மேல்தசைகளும் இறுகிக் குறுகிவிடுகின்றன. அவற்றுக்கு எதிரில் உள்ளவையான கழுத்தின் முன்புற ஆழ்தசைகளும், தோள்பட்டை எலும்புகளை முதுகோடு சேர்த்துப் பிடிக்கும் நடு, கீழ்த் தசைகளும் சோர்ந்து போகின்றன. பக்கவாட்டில் நின்று பார்த்தால் இறுக்கம் ஒரு கோடாகவும் சோர்வு மற்றொரு கோடாகவும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவது போல் தோன்றும். மாட்டுவண்டியில் ஒரு காளை இழுக்க மற்றொன்று நின்றுவிட்டால் வண்டி ஒருபக்கமாகத் திரும்பும் அன்றோ? அதுபோலவே தோள் முன்னே திரும்பிவிடுகின்றது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். வளைந்த தோள் உடையவரெல்லாம் நோயாளர் அல்லர். வளைந்திருப்போர் பலருக்கு வலியே இல்லை. கம்பம் போல் நிமிர்ந்து நிற்போர் பலர் வலியால் துன்புறுகின்றனர். நிற்கும் நிலைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு, நாம் எண்ணுமளவுக்கு வலுவானதன்று என்பதே இன்றைய ஆராய்ச்சியாளரின் முடிவு. நெடுநேரம் ஒரே நிலையில் அசையாதிருப்பதே பெருங்கேடு. அந்நிலை நிமிர்ந்ததாயினும் சரி, குனிந்ததாயினும் சரி. ஆகவே, 'இப்படியே விட்டால் முதுகெலும்பு தேய்ந்துபோகும்' என்று அச்சுறுத்திப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பயிற்சி செய்வதற்குரிய காரணம் அச்சம் அன்று. தோள் தாராளமாக மேலே எழுதல், நாளின் முடிவில் பிடரி கனக்காதிருத்தல், நாட்டியம் பயிலும் பெண்ணுக்குக் கைகள் அழகாக விரிதல் ஆகிய இவை போதிய காரணங்கள்.

வளரும் பெண்பிள்ளைகளைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு சொல். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடல் மாறத் தொடங்கும்போது, பிறர் பார்வைக்கு நாணித் தோளைக் குவித்துக்கொள்ளும் வழக்கம் பல பிள்ளைகளிடம் உண்டு. மும்பையின் கூட்ட நெரிசலில் பள்ளிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செல்லும் பெண்குழந்தை, அதைத் தற்காப்பாகவே செய்கின்றாள். அவளைப் பார்த்து நாளுக்கு இருபது முறை 'கூனாதே, கூனாதே' என்று சொல்வதால் தோள் நிமிராது. தாயின் முன் நிற்கவே மனம் கூசும். அளவான உள்ளாடை வாங்கித் தருவதும், பெண்கள் பெட்டியில் துணையோடு அனுப்புவதும் எந்த நாடாவையும் விட அங்கே பயன் தரும். முலுண்டு அம்மையாரின் மகளுக்கு இக்காரணம் உண்டா என்பதை அவரே அறிவார்.

இப்போது நாடாவைப் பற்றி. கடைக்காரர் 'டேப்' என்று சொல்லும் இது, பருத்தித் துணியில் நெகிழும் இழை சேர்த்து நெய்து, ஒருபுறம் பசை தடவியது. அதில் மருந்து எதுவும் இல்லை. இதைப் பலர் அறியார். தோலைப் போலவே இழுபட்டுத் திரும்பவேண்டும் என்ற எண்ணத்தில், 1970-களில் சப்பான் நாட்டுக் கைரோபிராக்டர் கென்சோ காசே இதை உருவாக்கினார். 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் விளையாட்டுகளில், அமெரிக்கக் கடற்கரைக் கைப்பந்து வீராங்கனை கெர்ரி வால்ஷ் தம் தோளில் இதை ஒட்டிக்கொண்டு ஆடியதைத் தொலைக்காட்சியில் கண்ட பின்னரே உலகெங்கும் இதன் மேல் மோகம் பிறந்தது. இழுபடாத கெட்டி நாடா வேறு. அது இதற்கு முன்பே மூட்டுகளை அசையாது பிடிக்கப் பயன்பட்டு வந்தது. ஒன்று கயிறு, மற்றொன்று இரப்பர் என்று கொள்ளலாம்.

தோலைச் சிறிது தூக்கி இரத்த ஓட்டத்தைப் பெருக்கும், தசைக்கு வலுவூட்டும் என்றெல்லாம் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். அவற்றுக்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. தோளின் தசைநாண் நோய்க்கு நாடா ஒட்டுவது பற்றிய சோதனைகளைத் திரட்டிப் பார்த்து, 2021-இல் காக்ரேன் அமைப்பினர் வெளியிட்ட ஆய்வுரையும் அதன் பயன் உறுதியாகவில்லை என்றே கூறிற்று. அப்படியானால் முற்றும் வீணா என்றால், அதுவும் இல்லை. 2005-ஆம் ஆண்டில் செரமி லூயிஸ் என்னும் இயன்முறை மருத்துவரும் அவர்தம் தோழரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். தோள்வலி உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும், முதுகை நிமிர்த்தித் தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கு இழுத்து நாடா ஒட்டிப் பார்த்தனர். தலையும் தோளும் பின்வாங்கின. கையைத் தூக்கும் அளவு கூடிற்று. ஆனால் வலியின் கடுமையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதாவது, ஒட்டியிருக்கும் வரை நிலை மாறுகின்றது. நோய் அதனால் மட்டும் தீர்வதில்லை.

எனக்குப் பயிற்சி தந்த மருத்துவரிடம் இதைக் கேட்டபோது அவர் ஓர் உவமை சொன்னார். "உங்கள் அம்மா கடையில் ஏதாவது வாங்கவேண்டும் என்றால் முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வார்களே, பார்த்திருக்கிறீர்களா? இந்த நாடா அந்த முடிச்சுத்தான். முடிச்சு போய்ச் சாமான் வாங்கி வராது. நினைவூட்டும்; அவ்வளவே" என்றார். அவர் மராத்தியர். தம் வீட்டுப் பெண்களும் அவ்வாறே முடிவதுண்டு என்று சொல்லிச் சிரித்தார். இவ்வளவு தெளிவாக இதை விளக்கிய நூலை நான் கண்டதில்லை. தோள் முன்னே சரியும்போது முதுகில் ஒட்டிய நாடா இழுபட்டுத் தோலில் ஓர் உணர்ச்சியைத் தருகின்றது. அதை உணர்ந்து தோள் தானே பின்வாங்குகின்றது. ஒரு நாளில் இது நூறு முறை நிகழுமானால், மூளை அப்புதிய நிலையை மெல்லப் பழகிக்கொள்ளும். ஆனால் அந்நிலையில் நிறுத்திப் பிடிக்கத் தசைக்கு வலிமை வேண்டும் அல்லவா? அதைத் தருவது பயிற்சி ஒன்றே. ஆகவேதான் இரண்டையும் சேர்க்கின்றனர். தோள் வளைந்தோரிடம் இவ்விரண்டையும் சேர்த்து நடத்திய சோதனைகள் பல நாடுகளிலிருந்து வெளிவந்துள்ளன. பெரும்பாலும் சிறு குழுக்கள். சில வாரக் கால அளவு. சிலவற்றில் சேர்த்துச் செய்தோர்க்குச் சற்றே கூடுதலான நன்மை. சிலவற்றில் பயிற்சி மட்டும் செய்தோரோடு வேறுபாடு இல்லை. நாடாவை மட்டும் நம்பி இருந்துவிடலாம் என்று சொல்ல இவற்றில் இடமில்லை.

ஒட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். இதை முதன்முறை தெரிந்தவர் கையால் ஒட்டுவித்துக் கற்றுக்கொள்வதே நன்று. ஏனெனில் தன் முதுகைத் தானே காண முடியாது. முதுகைக் கழுவி, எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து உலர்த்த வேண்டும். நாடாவின் முனைகளை உருண்டையாகக் கத்தரித்தால் சட்டையில் உரசி எழாது. நேராக அமர்ந்து, தோள்பட்டை எலும்புகளை மெதுவாகப் பின்னுக்கும் கீழுக்கும் கொண்டுவந்த நிலையில், தோளின் முன்மேட்டில் ஒரு முனையை இழுக்காமல் ஒட்டவேண்டும். பிறகு தோள்மேல் வழியாகச் சென்று, முதுகில் சாய்வாக இறங்கி, முதுகெலும்பின் அருகே நடுமுதுகுக்குச் சற்றுக் கீழே முடியுமாறு மற்ற முனையைக் கொண்டு செல்லவேண்டும். இடைப்பகுதியை மட்டும், அது இழுபடக்கூடிய அளவில் நாலில் ஒரு பங்கு முதல் பாதி வரை இழுத்தால் போதும். இறுதி முனையும் இழுக்காமலே ஒட்டப்படும். மறுபக்கமும் இவ்வாறே. பின்னர் உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்தால் சூட்டில் பசை பிடித்துக்கொள்ளும். மிகுதியாக இழுத்தால் மிகுதியாக நிமிரும் என்று எண்ணி இறுக்குவோர்க்குக் கிடைப்பது முனைகளில் கொப்புளமே.

மூன்று முதல் ஐந்து நாள் இருக்கலாம் என்பார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வைகாசி, ஆனி மாதத்துப் புழுக்கத்தில் மாலை வண்டியில் நசுங்கி வருபவருக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது; அரிப்பும் தோன்றும். ஆகவே, முதலில் ஒரு விரலளவு துண்டை முன்னங்கையின் உட்புறத்தில் ஒட்டி ஒருநாள் பாருங்கள். சிவந்தால் அதோடு விட்டுவிடுக. புண் உள்ள இடத்திலும், முதியோரின் மெல்லிய தோலிலும், சருக்கரை நோயால் தோலுணர்ச்சி குன்றியவரிடமும் மருத்துவரைக் கேளாமல் ஒட்டலாகாது. எடுக்கும்போது வெடுக்கென இழுக்காமல், தேங்காயெண்ணெய் தடவிக் கால் மணி ஊறவிட்டு, மயிர் சாய்ந்துள்ள பக்கமாகத் தோலை அழுத்திக்கொண்டே மெல்ல உரிக்கவேண்டும். அடுத்த நாடாவுக்கு முன் தோலுக்கு ஒருநாள் ஓய்வு தருக.

பயிற்சிகளே இவ்வைத்தியத்தின் உயிர். இவற்றுக்கு வேண்டுவன ஒரு பாய், ஒரு கதவு நிலை, ஒரு சுவர், நூறு இருநூறு ரூபாயில் கிடைக்கும் ஓர் இரப்பர் பட்டை. நம்மவர் வாழும் ஒற்றை அறை வீடுகளிலும் இவ்வளவுக்கு இடமுண்டு. பாயில் மல்லாந்து படுத்து, 'ஆம்' என்று தலையசைப்பது போல் முகவாயை மட்டும் சிறிதே தாழ்த்தினால், பிடரி நீளுவதை உணரலாம். தலையைத் தூக்கக்கூடாது, பல்லைக் கடிக்கக்கூடாது. பத்து எண்ணும் வரை அப்படியே வைத்து விடுக. இவ்வாறு பத்து முறை. பார்ப்பதற்கு இது ஒரு பயிற்சியாகவே தோன்றாது. என் பிள்ளை, 'அப்பா தூங்குகிறார்' என்று தன் தாயிடம் போய்ச் சொன்னான். கழுத்தின் ஆழ்தசைகள் விழிப்பது இதனால்தான்.

அடுத்து இறுகிய மார்பை விரித்தல். கதவு நிலையில் முன்னங்கையை வைத்து, முழங்கை தோள் மட்டத்தில் இருக்குமாறு நின்று, ஒரு காலை முன்னே எடுத்து வைத்தால் மார்பின் முன்புறம் இழுபடும். அரை நிமிடம்; பக்கத்துக்கு மூன்று முறை. வலிக்குமளவு சாயவேண்டா. அதன்பின் பட்டையைச் சன்னல் கம்பியில் மாட்டி, இரு கைகளாலும் விலாவை நோக்கி இழுக்கவேண்டும். இழுக்கும்போது தோள் காதை நோக்கி ஏறினால் பிழை. அது ஏற்கெனவே இறுகிய மேல்தசையையே இன்னும் இறுக்கும். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகின் நடுவே ஒரு சாவியைப் பிடித்திருப்பது போல் நெருங்கவேண்டும். பன்னிரண்டு முறையாக மூன்று தடவை. பின்னர்க் குப்புறப் படுத்து, கைகளைத் தலைக்கு மேலே சாய்வாக நீட்டிக் கட்டைவிரல் வானோக்கி இருக்கத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி இறக்குதல். இது கடினம், முதல் வாரத்தில் எட்டு முறைக்கு மேல் எனக்கு இயலவில்லை. இறுதியாகச் சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது போல் தள்ளி, முழங்கை நீண்ட பிறகும் இன்னும் ஒரு விரற்கடை சுவரைத் தள்ளுதல். அந்தக் கடைசித் தள்ளலில்தான் தோள்பட்டை எலும்பை விலாவோடு அணைக்கும் தசை வேலை செய்கின்றது.

வலுவூட்டும் பயிற்சிகளை ஒருநாள் விட்டு ஒருநாளும், முகவாய் தாழ்த்தலையும் மார்பு விரித்தலையும் நாள்தோறும் செய்க. கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. முதல் இரண்டு மூன்று வாரங்களில் நாடாவை ஒட்டியபடியே பயிற்சி செய்தால், தோள் எங்கே நிற்கவேண்டும் என்பது தெரிந்துகொண்டே இருக்கும். நாலாம் வாரத்திலிருந்து நாடாவைக் குறைத்து, ஆறாம் வாரத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். பயிற்சி மட்டும் தொடரவேண்டும். நாடா இல்லாமல் நிற்க முடியவில்லை என்று ஒருவர் சொல்வாரானால், அவர் பயிற்சியைச் செய்யவில்லை என்றே பொருள். தோளைப் பின்னுக்கு இழுக்கும் வார்ப்பட்டைகளை விளம்பரத்தில் பார்த்து வாங்கி, நாள் முழுதும் மாட்டிக்கொண்டு திரிவோர்க்கும் இதையே சொல்வேன்.

முன்னேற்றத்தைக் கண்ணாடியில் பார்ப்பதை விடச் சுவரில் பார்ப்பது நலம். குதிகாலைச் சுவருக்கு இரண்டு விரற்கடை முன்னால் வைத்து, இடுப்பும் முதுகும் சுவரில் படுமாறு நின்று, முகவாயைத் தூக்காமல் தலையின் பின்புறம் சுவரைத் தொடுகின்றதா என்று பாருங்கள். தொடாவிடில் இடைவெளியை அடிக்கோலால் அளந்து, நாட்காட்டியில் எழுதி வையுங்கள். தரையில் மல்லாந்து படுத்தால் தோளின் பின்மேடு தரைக்கு எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்பதையும் வீட்டார் ஒருவர் அளக்கலாம், 2.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தோள் முன்வந்துள்ளது என்பது ஒரு வழக்கு. இவ்வளவுகள் உங்களை உங்களோடு ஒப்பிடுவதற்கே. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதற்கு அல்ல.

இனிச் சொல்லப்போவதற்காகவே இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொண்டேன் எனலாம். எங்கள் அலுவலகத் தோழர் ஒருவரின் மகன், இருபத்திரண்டு வயது இளைஞன், கல்லூரி மாணவன். முதுகு வளைகின்றது, காலையில் எழும்போது மரம் போல் இருக்கின்றது என்றான். 'எந்நேரமும் செல்பேசி; வேறென்ன?' என்று வீட்டார் கடிந்தனர். தெருமுனையில் ஒருவர் நாடா ஒட்டினார். எட்டுத் திங்கள் ஒட்டினார். ஒவ்வொரு முறையும் பணம். இரவில் மூன்று மணிக்கு வலியால் விழித்துக்கொண்டு அறையில் நடப்பான். நடந்தால் குறையும், படுத்தால் மிகும். இதை யாரும் அந்த நாடாக்காரரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முடிவில் வாதநோய் மருத்துவர் ஒருவரிடம் சென்று, இரத்தச் சோதனையும் இடுப்பு மூட்டின் படமும் எடுத்தபின், அது முதுகெலும்பு மூட்டுகளை அழற்சியால் இறுகச் செய்யும் நோய் எனத் தெரிந்தது. அதற்கு மருந்துண்டு, காலத்தில் தொடங்கினால் முதுகு இறுகாமல் காக்கப் பெரும்பாலும் இயலும். அந்த எட்டுத் திங்களை அவனுக்கு யார் திருப்பித் தருவது? இப்போது அவன் மருந்தோடு பயிற்சியும் செய்கின்றான், தேர்வும் எழுதினான்.

ஆகவே நேயர்களே, நாற்பத்தைந்து வயதுக்குட்பட்டவருக்குக் காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடித்து, ஓய்வில் மிகுந்து, உழைப்பில் குறையுமானால், நாடாக்காரரிடம் செல்லாதீர். கையில் மரமரப்போ, விரல்களில் வலுக்குறைவோ, நடையில் தடுமாற்றமோ இருந்தாலும் அவ்வாறே. முதிய அம்மையார் ஒருவர் திடீரென உயரம் குறைந்து கூனினால், எலும்பு நொய்ந்து முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். அவரைக் கட்டாயப்படுத்தி நிமிர்த்துவது கொடுமை. மாலைக் காய்ச்சலும் இளைப்பும் முதுகுவலியும் சேர்ந்து வந்தால், நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை நினைக்கவேண்டும். வளரும் சிறுவனின் முதுகு, படுக்கையில் படுத்தபோதும் நிமிராமல் வில்லாகவே நின்றால், அது சோம்பல் அன்று. எலும்பே அவ்வாறு வளர்கின்றது. இவையெல்லாம் மருத்துவர் பார்க்கவேண்டியவை.

யாரிடம் செல்வது என்பதும் ஒரு வினா. 1950-களின் தொடக்கத்தில் இளம்பிள்ளை வாதம் இந்நகரத்துக் குழந்தைகளைத் தாக்கியதை ஒட்டி, பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் இயன்முறை மருத்துவக் கல்வி தொடங்கிற்று. இந்நாட்டில் அத்துறைக்கு அதுவே முன்னோடி. இன்று இத்துறையில் நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட பட்டப்படிப்பு உண்டு. 2021-இல் இயற்றப்பட்ட நடுவண் சட்டமும் இத்தொழிலை ஒழுங்குபடுத்த வந்துள்ளது. பட்டம் உண்டா என்று கேட்பதில் வெட்கமில்லை. நகராட்சி மருத்துவமனைகளில் சிறு கட்டணத்திலேயே இப்பிரிவு இயங்குகின்றது. வரிசையில் நிற்கவேண்டும், அது உண்மை. இரயில்வே ஊழியர் குடும்பத்தார்க்கு இரயில்வே மருத்துவமனையே இருக்கின்றது.

இடையில் ஒன்று. தாராவியில் விடியற்காலையில் இட்டிலிப் பாத்திரத்தைத் தலையில் வைத்து நடக்கும் நம் ஊர்க்காரர்களைப் பார்த்து, 'என்ன நிமிர்வு!' என்று வியப்போர் உண்டு. அச்சுமை அவர்கள் கழுத்தைப் படுத்தும் பாட்டை அவர்களிடமே கேட்டால் தெரியும். நிமிர்வுக்காகத் தலையில் சுமை ஏற்றச் சொல்லும் யோசனையை யாரும் எனக்கு எழுத வேண்டா.

முலுண்டு அம்மையாருக்கு: அக்கா, பன்னிரண்டாயிரம் கொடுக்க வேண்டா. 5 மீட்டர் நீளமுள்ள ஒரு சுருள் நாடா சில நூறு ரூபாய்க்கு மருந்துக்கடையில் கிடைக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு அதுவே ஏறக்குறையப் போதும். பட்டம் பெற்ற இயன்முறை மருத்துவரிடம் இரண்டு முறை அழைத்துச் சென்று, மகளுக்குப் பயிற்சியையும் உங்களுக்கு ஒட்டும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். படுத்தால் முதுகு தரையில் படிகின்றதா, காலையில் இறுக்கம் உண்டா என்பதை முன்னதாகவே பார்த்து வைத்துக்கொண்டு அவரிடம் சொல்லுங்கள். அரங்கேற்றத்துக்கு ஏழு திங்கள் இருப்பதாக எழுதியிருக்கின்றீர்கள். அது தாராளமான காலம். அடவு தொடங்குமுன் பத்து நிமிடம் இப்பயிற்சிகளுக்கு ஒதுக்கித் தருமாறு நாட்டிய ஆசிரியையிடம் கேளுங்கள். கையை நாட்டியாரம்பேயில் நீட்டி முழங்கையைத் தளரவிடாமல் பிடிப்பதற்கு இதே தசைகள்தாம் வேண்டும் என்பதால் அவர் மறுக்கமாட்டார். அரங்கேற்றத்தன்று நாடா வேண்டா. அதற்குள் அவளுக்கு அது தேவைப்படாது. சுவரில் அளந்த அளவை இப்போதும், ஆறு வாரம் கழித்தும் எனக்கு எழுதுங்கள்.